எழுபது பேரும் ஆறு இலட்சமும்

ஒருநாள் மஃரிபுத் தொழுகை முடிந்து மதரஸாத் திண்ணையில் நாம் அமர்ந்திருந்தபோது, நம்மிடம் முன்னர் ஓதிய மாணவர் ஒருவர் வந்தார். இப்போது கல்லூரியில் பயில்பவர். உடன் பயிலும் கிறிஸ்தவ நண்பரிடம் இரவலாகப் பெற்ற தமிழ் விவிலியம் அவர் கையில் இருந்தது. எண்ணாகமத்தின் முதல் அதிகாரத்தை விரித்து நம் முன் வைத்து, "ஹஜ்ரத், இது வேதமா, குடிக்கணக்குப் பதிவேடா? பெயரும் தொகையும் தவிர வேறொன்றையும் காணோமே!" என்று கூறி நகைத்தார்.

நாம் நகைக்கவில்லை. அந்த நகைப்பினுள் இரண்டு வினாக்கள் அடங்கியிருந்தன. எழுபது பேராக மிஸ்ருக்குள் நுழைந்த ஒரு குடும்பம், ஆறு இலட்சம் போர்வீரர்களாக எங்ஙனம் வெளியேற இயலும் என்பது ஒன்று. அப்படியே இயலாதென்றாலும், இப்பெயர்ப் பட்டியல்களை இத்துணை அக்கறையோடு எதற்காக எழுதிவைத்தார்கள் என்பது மற்றொன்று. முதல் வினாவை நம்மவர் பலர் எழுப்பியிருக்கின்றனர். விவாத மேடைகளில் அது ஆயுதமாகவும் பயன்பட்டதுண்டு. இரண்டாவதை எழுப்பியவர்கள் குறைவு. இரண்டையும் ஒருசேர வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூஸா (அலை) அவர்களுக்கு அருளப்பெற்ற தவ்ராத்தை நாம் நம்புகிறோம். இன்று வழங்கும் ஆகமங்களில் மனிதக் கரம் படிந்துள்ளது என்பதும் நம் கொள்கையே. ஆயினும், ஒரு நூலின் குறையைச் சொல்வதற்கு முன் அந்நூல் என்ன செய்ய முனைகிறது என்பதை அறிவது நீதி. வம்சப் பட்டியல் நமக்குப் புதியதுமன்று. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில், விலாதத்துக் காண்டத்திலே, தலைமுறைப் படலம் என்றே ஒரு படலம் உண்டு. ஆதம் (அலை) தொடங்கி அண்ணல் நபி (ஸல்) அவர்களின் தந்தையார் வரை வழிவழியாகப் பெயர்களை அடுக்கும் அப்படலத்தை நம் பெரியோர் பக்தியோடு ஓதினர். பதிவேடு என்று ஒதுக்கினாரில்லை.

குடியின் அடுக்கு

எபிரேய ஆகமங்கள் காட்டும் சமுதாயம் நான்கு அடுக்கு கொண்டது. மேலே கோத்திரம். அதனைக் குறிக்கும் எபிரேயச் சொற்கள் இரண்டுக்கும் 'கோல்' என்றே பொருள். தலைவன் கையில் பிடிக்கும் கோலே அவன் கீழ் நின்ற மக்களுக்குப் பெயராயிற்று. அவற்றுள் ஒன்றாகிய 'ஷேவெட்' என்பது, திருமறையில் 'அஸ்பாத்' என வரும் 'சிப்த்' என்ற சொல்லுக்கு உறவு. கோத்திரத்தின் கீழே குலம். குலத்தின் கீழே 'தந்தை வீடு' எனப்படும் கூட்டுக் குடும்பம். அதன் கீழே தனி மனிதன்.

இவ்வடுக்கு ஏட்டளவில் நின்றதன்று. யோசுவாவின் நூலில் ஆகான் என்பவன் தடுக்கப்பட்ட பொருளைத் திருடி மறைக்கிறான். குற்றவாளியைக் கண்டறியும் முறையைப் பாருங்கள். முதலில் கோத்திரங்கள் வரவழைக்கப்பட்டு யூதா கோத்திரம் குறிக்கப்படுகிறது. அதனுள் சேரா என்பவரின் குலம், அதனுள் சப்தி என்பவரின் வீடு, அவ்வீட்டினுள் ஆகான். ஒரு மனிதனின் முகவரி என்பது ஊரோ தெருவோ அன்று. அவன் எந்த வீட்டின், எந்தக் குலத்தின், எந்தக் கோலின் கீழ் நிற்கிறான் என்பதே. பட்டியலில் பெயர் இல்லாதவனுக்கு நிலத்தில் பங்கில்லை, போரில் இடமில்லை, நீதி கேட்க வாசலுமில்லை. இதை உணர்ந்த பின்னர் அப்பட்டியல்களைப் படித்தால் சலிப்புத் தோன்றாது.

சகோதரரின் தலைவர்கள்

இங்கே நம் கவனத்தை ஈர்ப்பது ஒன்றுண்டு. பனூ இஸ்ராயீலின் நூலாயிருந்தும், ஆதியாகமம் தலைவர்களின் பட்டியலைப் பனூ இஸ்ராயீலிலிருந்து தொடங்கவில்லை. இஸ்மாயீல் (அலை) அவர்களின் பன்னிரு மைந்தர்களைத்தான் அது முதலில் பன்னிரு தலைவர்களாகப் பெயர் கூறிப் பதிகிறது. நெபாயோத், கேதார் என்று தொடங்கும் அப்பட்டியலில் தூமா, தேமா என்ற பெயர்களும் உள்ளன. அவை வட அரபகத்தின் தூமத்துல் ஜந்தலையும் தைமாவையும் நினைவூட்டுவன. அவர்கள் தத்தம் மக்களுக்குத் தலைவராயினர் என்று கூறும் இடத்தில் 'மக்கள்' என்பதற்கு அந்நூல் ஆளும் எபிரேயச் சொல் 'உம்மோத்'. நம் 'உம்மத்' என்ற சொல்லின் உடன்பிறப்பு அது. எபிரேய வேதத்தில் மிக அருகியே வரும் அச்சொல், இஸ்மாயீலின் மக்களைப் பற்றிய இடத்தில் அமைந்திருப்பது அரபு கற்றோர் நெஞ்சை நெகிழ்விக்கும்.

அடுத்து, யஃகூப் (அலை) அவர்களின் தமையன் ஏசாவின் வழி. ஆதியாகமத்தின் 36ஆம் அதிகாரம் முழுவதும் அவர்களுக்கே உரியது. அங்கே தலைவர்க்கு 'அல்லூஃப்' என்று பெயர். மலைநாடாகிய சேயீரில் ஏசாவின் பேரர்கள் தலைவராயினர். அவர்களுக்கு முன் அம்மண்ணில் வாழ்ந்த ஓரியரின் ஏழு தலைவர்களும் மறக்கப்படாமல் பெயரோடு குறிக்கப்படுகின்றனர். இஸ்ராயீலை மன்னர் எவரும் ஆள்வதற்கு முன் அந்நாட்டை ஆண்டோர் என எண்மர் பெயரும் வருகின்றன. இவ்வாக்கியம் இஸ்ராயீலில் மன்னராட்சி வந்த பின்னரே எழுதப்பட்டிருத்தல் வேண்டும் என்பது எளிதில் புலனாகும். மூஸா (அலை) அவர்களின் காலத்துக்குப் பிற்பட்ட கரம் இங்கே தென்படுகிறது. குறையைக் குறையென்றே சொல்வோம்; ஆனால், உரிமை தமக்கு வந்தது என்று கருதியோர் உரிமை பெறாத சகோதரனின் பெயரையும் அவனுக்கு முன்னிருந்த அந்நியனின் பெயரையும் காத்து வைத்த பெருந்தன்மையைக் குறிப்பிடாமல் விடுவது அறமாகாது.

எழுபதின் கணக்கு

யஃகூப் (அலை) அவர்களின் குடும்பம் மிஸ்ருக்குச் சென்ற கணக்கு ஆதியாகமத்தின் 46ஆம் அதிகாரத்தில் உள்ளது. அன்னையர் நால்வரின் வழியாக அது பிரித்துக் காட்டப்படுகிறது. லேயாளின் வழி 33, அவர் பணிப்பெண் சில்பாளின் வழி 16, ராகேலின் வழி 14, அவர் பணிப்பெண் பில்காளின் வழி 7, ஆக 70. கேட்பதற்கு ஒழுங்காகவே உள்ளது. ஆனால், லேயாளின் கிளையில் பெயர்களை எண்ணிப் பார்த்தால், கன்ஆனிலேயே இறந்துபட்ட இருவரை நீக்கி, மகள் தீனாளைச் சேர்த்தும் 32 தான் தேறும். குறைந்த ஒருவரைத் தேடிய யூத அறிஞர்கள், மிஸ்ரின் எல்லையில் பிறந்த மூஸா (அலை) அவர்களின் அன்னையாரே அவர் என்று விடை கண்டனர். கிரேக்க மொழிபெயர்ப்போ எழுபது என்பதை 75 ஆக்கிற்று. கும்ரான் குகைகளில் கிடைத்த யாத்திராகமத்தின் எபிரேயப் படி ஒன்றிலும் அந்த 75 இருக்கிறது. ஆகவே இது மொழிபெயர்ப்பாளரின் பிழை மட்டுமன்று. பண்டைக் காலத்திலேயே இரு கணக்குகள் வழங்கியுள்ளன.

இதிலிருந்து விளங்குவது யாது? எழுபது என்பது முழுமையைக் குறிக்கும் எண்ணாகவே எழுதியோர் உள்ளத்தில் நின்றது. பெயர்களை முன்னே வைத்து, அவற்றை அம்முழுமைக்குள் அடக்கப் பார்த்தனர். மருமகள்கள் கணக்கில் சேரார் என்று அந்நூலே வெளிப்படையாகச் சொல்கிறது. யஃகூப் (அலை) அவர்களின் வழித்தோன்றல்களாக அவ்வெழுபதில் பெயர் பெற்ற பெண்டிர் இருவரே: மகள் தீனாள், ஆசேரின் மகள் சேராள். இதனை வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறோம். மீண்டும் இங்கே வருவோம்.

தொகை பெருகிய விதம்

இனி எண்ணாகமம். மிஸ்ரைவிட்டு வெளியேறிய இரண்டாம் ஆண்டில், சீனாய்ப் பாலைவனத்தில், கோத்திரத்துக்கு ஒருவராகப் பன்னிரு தலைவர்கள் பெயர் சொல்லி நியமிக்கப்படுகின்றனர். 20 வயதும் அதற்கு மேலும் உடைய, போருக்குத் தகுந்த ஆடவர் எண்ணப்படுகின்றனர். மொத்தம் 6,03,550. லேவியர் இதில் சேரார். யூதா கோத்திரம் 74,600 பேருடன் பெரியது. மனாசே கோத்திரம் 32,200 பேருடன் சிறியது. ஏறத்தாழ 38 ஆண்டுகளுக்குப் பின் எடுத்த இரண்டாம் கணக்கில் மொத்தம் 6,01,730. இடையே சிமியோன் கோத்திரம் 59,300 என்பதிலிருந்து 22,200 ஆகச் சரிந்தது. மனாசே 52,700 ஆக வளர்ந்தது.

குடும்பப் பெருக்கத்தின் வழியில் இவ்வெண்களைச் சோதிப்போம். எழுபது பேர் பட்டியலில் புன்யாமீனுக்குப் பத்து மைந்தர். தாணுக்கு ஒரே மைந்தன். சீனாயில் எண்ணியபோது பதின்மரின் வழியினர் 35,400. ஒருவனின் வழியினர் 62,700! லேவியின் மகன் கோகாத்துக்கு மைந்தர் நால்வர்; அந்நால்வரில் ஒருவரே மூஸா (அலை) அவர்களின் தந்தை என்கிறது யாத்திராகமம். அப்படியாயின் கோகாத்தின் பேரர் மூஸா (அலை). ஆனால் அவர்கள் காலத்திலேயே கோகாத்தின் வழியில் ஒரு மாதக் குழந்தை முதல் எண்ணிய ஆண்கள் 8,600 என்கிறது எண்ணாகமம். மேலும், இஸ்ராயீலரின் தலைப்பிள்ளைகளான ஆண்கள் 22,273 பேர் என்று ஒரு கணக்கு உண்டு. வளர்ந்த ஆடவர் மட்டுமே ஆறு இலட்சத்துக்கு மேல் என்றால், ஒரு தலைப்பிள்ளைக்கு 27 ஆடவர் வீதம் ஆகிறது. எந்தக் குடும்பத்தில் இது நடக்கும்?

நூலின் சார்பில் சொல்லக்கூடியதையும் சொல்லிவிடுவோம். வம்சப் பட்டியல்களில் இடைத் தலைமுறைகள் விடுபடுவது பழைய மரபு. 'மகன்' என்ற சொல் வழித்தோன்றலையும் குறிக்கும். நாளாகமத்தில் எப்பிராயீமிலிருந்து யோசுவா வரையுள்ள வழி, மூஸா (அலை) அவர்களின் வழியைக் காட்டிலும் நீண்டது. நம் நஸப் அறிஞர்களும், அண்ணலாரின் வம்சத்தை அத்னான் வரையில் ஒருமித்து உரைத்து, அதற்கு மேல் இஸ்மாயீல் (அலை) வரையுள்ள பெயர்களில் வேறுபட்டே நின்றனர். எனவே தலைமுறை விடுபட்டது என்ற வாதம் ஏளனத்துக்குரியதன்று. ஆயினும் தாணையும் தலைப்பிள்ளைக் கணக்கையும் அது தீர்த்துவைக்கவில்லை.

இப்னு கல்தூனின் தராசு

இவ்விடத்தில் நம்மவர்களின் பெருமைக்குரிய பங்கைக் கூற வேண்டும். குர்துபாவின் இமாம் இப்னு ஹஸ்ம் (இறப்பு 1064) தம் 'அல்ஃபஸ்ல்' நூலில் ஆகமங்களின் எண்கள் பலவற்றைக் கூட்டிக் கழித்து ஆராய்ந்தார். அவர் நோக்கம் வாதம். இப்னு கல்தூன் 1377இல் 'முகத்திமா'வை எழுதியபோது அவருடைய நோக்கம் வேறாக இருந்தது. வரலாற்றை எழுதுவோர் செய்தியை எங்ஙனம் நிறுக்க வேண்டும் என்று கற்பிக்கவே அவர் இந்த ஆறு இலட்சத்தை முதல் எடுத்துக்காட்டாக்கினார். கவனியுங்கள்: அவர் குற்றஞ்சாட்டியது யூதரை மட்டுமன்று. அத்தொகையை ஆராயாமல் எடுத்தெழுதிய நம் வரலாற்றாசிரியர் மஸ்ஊதி (இறப்பு 956) போன்றோரைத்தான் முன்னிறுத்தினார்.

அவருடைய வாதங்கள் எளியவை. அத்துணைப் பெரும்படை அணிவகுத்தால் ஒரு முனையில் நடப்பது மறுமுனைக்குத் தெரியாது, போரிடவே இயலாது. இஸ்ராயீலரைவிடப் பன்மடங்கு பெரிய பாரசீகப் பேரரசு காதிஸிய்யாப் போரில் நிறுத்திய படையே 1,20,000 தான். இவை இரண்டுக்கும் மேலாக, யஃகூப் (அலை) அவர்களுக்கும் மூஸா (அலை) அவர்களுக்கும் இடையே சில தலைமுறைகளே உள்ளன. மஸ்ஊதி கூறும் 220 ஆண்டுகளில் எழுபது பேர் அவ்வளவாகப் பெருகுதல் இயற்கைக்கு ஒவ்வாது. எபிரேய மூலம் மிஸ்ரில் 430 ஆண்டு என்று கூறினும், சமாரியரின் பிரதியும் கிரேக்க மொழிபெயர்ப்பும் கன்ஆனில் கழிந்த காலத்தையும் அதனுள் அடக்குகின்றன. ஆகவே மஸ்ஊதியின் கால அளவு ஆதாரமற்றதன்று. வாக்களிக்கப்பட்ட பெருக்கமாதலின் அதனை முஃஜிஸாவாகக் கொள்ளலாகாதா என்ற எதிர்வாதமும் 'முகத்திமா'வின் சில பிரதிகளில் குறிக்கப்பட்டுள்ளது. அல்லாஹ்வின் ஆற்றலுக்கு எல்லையில்லை. ஆனால் அந்நூலே முஃஜிஸா என்று கூறாத ஒரு கூட்டல் தொகைக்கு நாம் முஃஜிஸாவைத் தேடுவது அறிவாகாது.

ஐரோப்பாவில் இதே வினாவை விரிவாக எழுப்பியவர் நேட்டாலின் ஆங்கிலேயப் பிஷப் கொலென்சோ. ஜூலு மொழியில் விவிலியத்தைப் பெயர்க்கத் தமக்கு உதவிய ஒருவர், பெருவெள்ளக் கதை முழுவதும் உண்மையா என்று நேர்படக் கேட்ட கேள்வியே தம்மை ஆராயத் தூண்டியது என்று அவர் எழுதினார். 1862இல் அவர் நூல் வெளிவந்தது. 1863இல் திருச்சபை அவரை விசாரித்துக் குற்றவாளி என்றது. இப்னு கல்தூனுக்கும் அவருக்கும் இடையே ஏறத்தாழ 500 ஆண்டுகள்!

'ஆயிரம்' என்னும் சொல்

பிற்காலத்தில் வேறொரு விடை பிறந்தது. எபிரேயத்தில் 'எலெஃப்' என்றால் ஆயிரம், அரபியில் 'அல்ஃப்'. ஆனால் எபிரேய வேதத்தில் அதே சொல் குலத்தையும் குறிக்கும். மனாசே கோத்திரத்தில் தம் 'எலெஃப்' மிக எளியது என்று கித்யோன் கூறுமிடத்தில் ஆயிரம் என்று பொருள் கொள்ள இயலாது. ஏசாவின் வழியில் வந்த 'அல்லூஃப்' என்ற தலைவர் பெயரும் அதே எழுத்துகளால் ஆனது; தோழன் என்றும் அதற்குப் பொருளுண்டு. 'உல்ஃபத்' என்னும் நேசத்தையும் 'ஈலாஃப்' என்னும் இணக்கத்தையும் அரபியில் அறிந்த நமக்கு இச்சொற்குடும்பம் அந்நியமன்று.

எகிப்திய ஆய்வாளர் பிளிண்டர்ஸ் பெட்ரி 1906இல் இதனைக் கொண்டு ஒரு கருத்துரைத்தார். ஆயிரங்களையெல்லாம் குடும்பங்கள் என்று கொண்டால், முதற்கணக்கில் 598 குடும்பங்கள். எஞ்சிய நூறுகளைக் கூட்டினால் 5,550 பேர். குடும்பத்துக்கு ஒன்பது பேர். பாலைவனத்தில் நடமாடக்கூடிய தொகை! 1958இல் மெண்டன்ஹால் என்ற அமெரிக்க அறிஞர் இதனைச் சற்று மாற்றி, ஒவ்வொரு 'எலெஃப்'பும் ஒரு குலம் அனுப்பிய போர்ப்பிரிவு என்றார்.

கேட்க இனிமையாயினும் இதனை நாம் முழுமையாக ஏற்கவில்லை. காரணம் அவ்வாகமங்களிலேயே உள்ளது. எண்ணப்பட்ட ஒவ்வொருவரும் அரைச் சேக்கல் வெள்ளி செலுத்தினர் என்றும், கிடைத்த வெள்ளி 100 தாலந்தும் 1,775 சேக்கலும் என்றும் யாத்திராகமத்தின் 38ஆம் அதிகாரம் கூறுகிறது. தாலந்து ஒன்றுக்கு 3,000 சேக்கல். கூட்டினால் 3,01,775; அதன் இரு மடங்கு 6,03,550. கணக்குத் துல்லியம்! ஆகவே இவ்வாகமங்களுக்கு இறுதி வடிவம் தந்தவர்கள் 'எலெஃப்' என்பதை ஆயிரமாகவே கொண்டனர். பழைய குலப் பட்டியல் ஒன்று அவர்கள் கைக்கு எட்டியிருக்கலாம். அதன் குலங்கள் ஆயிரங்களாக மாறியிருக்கலாம். ஆனால் அம்மாற்றம் நேர்ந்துவிட்ட நூலே இன்று நம் கையில் இருப்பது.

பன்னிரண்டு தட்டுகள்

ஆகவே தொகை நிற்கவில்லை. தொகை விழுந்தவுடன் நூலே விழுந்தது என்று எண்ணுவோர் எண்ணாகமத்தின் 7ஆம் அதிகாரத்தைப் படிக்க வேண்டும். ஐந்து ஆகமங்களிலும் நீண்ட அதிகாரம் அதுவே, 89 வசனங்கள். பன்னிரு தலைவர்களும் நாளுக்கு ஒருவராகக் காணிக்கை கொணர்கின்றனர். 130 சேக்கல் எடையுள்ள வெள்ளித் தட்டு, 70 சேக்கல் எடையுள்ள வெள்ளிக் கிண்ணம், 10 சேக்கல் எடையுள்ள பொற்கலம், அவற்றோடு கால்நடைகள். பன்னிரண்டும் ஒன்றே. 'ஒவ்வொருவரும் இவ்வாறே' என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். நூல் அவ்வாறு செய்யவில்லை. பெயரை மட்டும் மாற்றி, அதே சொற்களைப் பன்னிரண்டு முறை முழுமையாக எழுதுகிறது.

இதனைச் சலிப்பூட்டும் மீள்கூற்று என்பார் உளர். நம் எண்ணம் வேறு. 74,600 பேரின் தலைவர் நகசோன் கொணர்ந்ததும், 32,200 பேரின் தலைவர் கமாலியேல் கொணர்ந்ததும் ஒரே எடையுள்ள தட்டு. பெரிய கோத்திரத்துக்குப் பெரிய தட்டு இல்லை. பன்னிரண்டாம் நாள் வந்தவருக்கும் முதல்நாள் வந்தவருக்குரிய சொற்கள் ஒன்றுகூடக் குறைக்கப்படவில்லை. தொகையை ஊதிப் பெருக்கிய அதே நூல், தலைவரின் மதிப்பைத் தொகையால் அளக்க மறுக்கிறது. இப்பட்டியல்களின் உயிர் கூட்டல் தொகையில் இல்லை. தனித்தனிப் பெயரில் இருக்கிறது.

திருமறை எடுத்ததும் விடுத்ததும்

இப்போது திருக்குர்ஆனை நோக்குவோம். பனூ இஸ்ராயீலைப் பன்னிரு கோத்திரங்களாகப் பிரித்ததை அஃராஃப் அத்தியாயம் கூறுகிறது. பாறையிலிருந்து பன்னிரு ஊற்றுகள் பீறிட்டு, ஒவ்வொரு கூட்டமும் தன் நீர்த்துறையை அறிந்துகொண்டதும் உண்டு. மாயிதா அத்தியாயம் பன்னிரு 'நகீப்'களைப் பற்றி உரைக்கிறது. ஆறு இலட்சம் என்ற தொகை மட்டும் எங்கும் இல்லை. மாறாக, ஃபிர்அவ்ன் அவர்களைச் 'சிறு கூட்டம்' என்று இகழ்ந்ததை ஷுஅரா அத்தியாயம் எடுத்துரைக்கிறது. பெயரும் பொறுப்பும் பங்கும் நின்றன, பெருந்தொகை இடம்பெறவில்லை.

நம் விரிவுரையாளர் பலர் ஆறு இலட்சத்தையும் அதற்கு மேற்பட்டதையும் அவ்விடத்தில் எடுத்தெழுதி, ஃபிர்அவ்னின் படையோடு ஒப்பிடுங்கால் அதுவும் சிறு கூட்டமே என்று அமைதி கூறினர். அப்போது ஃபிர்அவ்னின் படையைப் பதினாறு இலட்சமாக உயர்த்தவேண்டி வந்தது! இமாம் இப்னு கதீர் (இறப்பு 1373) அதனை ஐயத்துக்குரியது என்றும், இஸ்ராயீலியக் கதைகளின் மிகைப்பாடு என்றும் துணிந்து எழுதினார். ஒரு மிகைத்தொகை மற்றொன்றை ஈன்றெடுக்கும் என்பதற்கு இது சான்று. இஸ்ராயீலரின் நூலில் எண்ணைக் கண்டு நகைப்பவர் நம் நூலகத்திலும் அதே எண் குடியேறியிருப்பதை அறிதல் வேண்டும்.

'நகீப்' என்ற சொல்லும் ஆழமானது. துருவி ஆராய்பவர், தம் கூட்டத்தின் நிலையை அறிந்து அதற்குப் பொறுப்பேற்பவர் என்பது அதன் கருத்து. எபிரேயத்தில் அத்தலைவர்க்கு 'நாஸீ' என்று பெயர். உயர்த்தப்பட்டவர் என்பது பொருள். உயர்த்தப்பட்டவர் தவறினால் என்னவாகும் என்பதையும் எண்ணாகமம் மறைக்கவில்லை. கன்ஆனை ஒற்றறியச் சென்ற பன்னிருவரும் தத்தம் கோத்திரத்தின் தலைமக்களே. பதின்மர் அஞ்சித் திரும்பி மக்களின் உள்ளத்தைக் கலைத்தனர். காலேபும் யோசுவாவும் மட்டுமே உறுதியாக நின்றனர். அந்த இருவரைத் திருமறையும் பெயர் கூறாது சிறப்பிக்கிறது. அங்கும் பெரும்பான்மை பிழைத்தது; சிறுபான்மை நின்றது.

622இல் அகபாவில் மதீனாவாசிகள் உறுதிமொழி அளித்தபோது, தம் மக்களுக்குப் பொறுப்பாகப் பன்னிருவரைத் தாமே தேர்ந்து தருமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். கஸ்ரஜிலிருந்து ஒன்பதின்மரும் அவ்ஸிலிருந்து மூவரும் 'நகீப்'களாயினர். மாயிதாவின் அவ்வசனத்தை விளக்குமிடத்தில் இப்னு கதீர் இவர்களையும் நினைவுகூர்கிறார். உறுதிமொழி அளித்தோர் ஏறத்தாழ எழுபத்தைவர். உலகை மாற்றிய வரலாறு எழுபத்தைவரிலிருந்தும் தொடங்கும். ஆறு இலட்சம் தேவையில்லை.

ஐந்து பெண்கள்

இரண்டாம் குடிக்கணக்கு முடிந்ததும், அதன்படியே நிலம் பங்கிடப்படும் என்று அறிவிக்கப்படுகிறது. உடனே எண்ணாகமத்தின் 27ஆம் அதிகாரத்தில் ஐந்து பெண்கள் முன்வந்து நிற்கின்றனர். மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். மனாசே கோத்திரத்துச் செலொப்பியாத் என்பவரின் மகள்கள். தந்தை ஆண்மகவின்றி இறந்தார். மகன் இல்லாத காரணத்தால் அவர் பெயர் குலத்திலிருந்து ஏன் அழிய வேண்டும் என்று மூஸா (அலை) அவர்களிடமும், 'நாஸீ'களாகிய தலைவர்கள் அனைவர் முன்னிலையிலும் கேட்கின்றனர். அவர்கள் கேட்டது நியாயமே என்று இறைத்தீர்ப்பு வருகிறது. மகளுக்குப் பங்கு சட்டமாகிறது. பின்னர் 36ஆம் அதிகாரத்தில் அக்குலத்தின் மூத்தோர் வந்து, நிலம் வேறு கோத்திரத்துக்குப் போய்விடுமே என்று முறையிட, தம் கோத்திரத்திலேயே அவர்கள் மணமுடிக்க வேண்டும் என்ற வரம்பும் சேர்கிறது. உரிமை கொடுத்த கையோடு வரம்பும் வந்தது. ஆயினும் பங்கு பறிக்கப்படவில்லை.

1910இல் சமாரியாவில் அகழ்ந்தபோது எழுத்துப் பொறித்த ஓட்டுச் சில்லுகள் கிடைத்தன. கி.மு. எட்டாம் நூற்றாண்டில் திராட்சை மதுவும் எண்ணெயும் வந்த இடங்களின் பெயர்கள் அவற்றில் உள்ளன. மனாசேயின் குலப்பெயர்கள் பல அங்கே ஊர்ப்பெயர்களாக வருகின்றன. அவற்றோடு நோவாள், ஒக்லாள் என்ற பெயர்களும் உள்ளன! ஆறு இலட்சத்தின் சுவடு மண்ணில் கிடைக்கவில்லை. தம் பங்கைக் கேட்ட பெண்களின் பெயர் நிலத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது.

நம் வரலாற்றிலும் இதற்கு ஒப்பான நிகழ்ச்சி உண்டு. உஹதில் ஷஹீதான ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்களின் மனைவியார், தம் இரு மகள்களையும் அழைத்துக்கொண்டு அண்ணலாரிடம் வந்தார். சகோதரன் சொத்தனைத்தையும் எடுத்துக்கொண்டான் என்று முறையிட்டார். வாரிசுரிமை வசனம் இறங்கிற்று. மகள்களுக்கு மூன்றில் இரண்டு, மனைவிக்கு எட்டில் ஒன்று, எஞ்சியது சகோதரனுக்கு என்று தீர்ப்பாயிற்று. எழுபது பேர் கணக்கில் மருமகள்களுக்கு இடமில்லாதிருந்ததை மேலே சுட்டினோம். குடும்பம் பெருகுவது எவருடைய வயிற்றிலோ அவரே கணக்கில் விடுபடுவது அக்காலத்தின் குறை. அக்குறையை நீக்கவே இரு வரலாறுகளிலும் பெண்கள் தாமே வந்து வாசலில் நிற்கவேண்டியிருந்தது.

எண்ணுவதின் ஆபத்து

எண்ணிக்கையில் இன்பங்காண்பதன் தீங்கை எபிரேய வேதமே அறிந்திருந்தது. மன்னர் தாவூத் தம் படைத்தலைவன் யோவாபைக் கொண்டு மக்களை எண்ணியதையும், அதன் விளைவாகக் கொள்ளைநோயில் 70,000 பேர் மாண்டதையும் சாமுவேலின் நூல் சொல்கிறது. நபி தாவூத் (அலை) அவர்களைப் பற்றிய இக்கதையை நாம் உண்மையெனக் கொள்ளவில்லை; எழுதியோரின் உள்ளத்தை அறியவே எடுத்துக்காட்டுகிறோம். அங்கும் தொகைகள் பொருந்தவில்லை. இஸ்ராயீல் 8,00,000, யூதா 5,00,000 என்கிறது சாமுவேல். 11,00,000, 4,70,000 என்கிறது நாளாகமம். எண்ணத் தூண்டியவன் இறைவனே என்கிறது ஒன்று. ஷைத்தான் என்கிறது மற்றொன்று. எண்ணினால் கேடு என்பதில் மட்டும் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

நமக்கோ தகாஸுர் அத்தியாயமே போதும். அதன் பின்னணியாக விரிவுரையாளர்கள் கூறும் செய்தி ஒன்றுண்டு. குறைஷியரில் அப்து மனாஃபின் மக்களும் ஸஹ்மின் மக்களும் யார் தொகையில் மிக்கோர் என்று போட்டியிட்டனர். உயிரோடிருப்போரை எண்ணியது போதாமல், கப்றுகளுக்குச் சென்று இறந்தோரையும் எண்ணினர் என்பர். பெயர் நினைவுக்காகப் பட்டியல் எழுதுவது வேறு. பெருமைக்காகத் தொகை கூட்டுவது வேறு. முன்னது மனிதனைக் காக்கிறது. பின்னது கப்றைக்கூட விட்டுவைப்பதில்லை.

இவற்றையெல்லாம் அம்மாணவரிடம் எடுத்துரைத்தோம். கேட்டு முடித்தவர், "எங்கள் வீட்டிலும் ஷஜரா இருக்கிறது ஹஜ்ரத், ஏழு தலைமுறை சொல்லுவேன்" என்று தொடங்கி, தந்தைவழிப் பெயர்களைத் தடையின்றி ஒப்பித்தார். மகிழ்ந்தோம். பின், "அந்த ஏழு பேரின் அன்னையர் பெயரைச் சொல்லுங்கள், தம்பி" என்றோம். தம் வாப்பாவின் உம்மா பெயரைச் சொன்னார். அதற்கு மேல் அவரால் செல்ல முடியவில்லை. சிறிது நேரம் அமைதியாயிருந்தார். "அவர்களுடைய பங்கு அவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதையும் வீட்டில் விசாரித்து வாருங்கள்" என்று கூறி அனுப்பினோம். விவிலியத்தை மூடிக் கையில் எடுத்தபோது அவர் முகத்தில் பழைய நகைப்பு இல்லை.

தொகையால் செருக்குறாமல், ஒவ்வொரு பெயருக்கும் உரிய மதிப்பையும் பங்கையும் அளிக்கும் மக்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.